நிற்கச் சொன்ன இடத்தில்

ஓசூரில் நான் வேலை பார்த்த கம்பெனியின் வாசலில் ஒரு காக்கித் துணிப்பை தொங்கும். ஷிஃப்ட் முடிந்து வெளியே வருகிற ஒவ்வொருவரும் அதற்குள் கையை விட்டு ஒரு கோலிக்குண்டை எடுத்துக் காட்ட வேண்டும். வெள்ளை வந்தால் போகலாம். சிவப்பு வந்தால் பக்கத்து அறைக்குப் போக வேண்டும். அங்கே நாற்காலி கிடையாது. சுவரைப் பார்த்தபடி, இரண்டு உள்ளங்கைகளையும் சுவரில் பதித்து நிற்க வேண்டும். ரிஜிஸ்தரைப் பார்த்துப் பெயரைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட பிறகுதான் திரும்பலாம். பிறகு சட்டைப் பை, இடுப்பு, டிபன் பாக்ஸ், செருப்பு என்று பார்த்துவிட்டு விடுவார்கள். டிரில் பிட்டும் பித்தளைத் துண்டும் வெளியே போகக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

எனக்குச் சிவப்பு அடிக்கடி வந்தது. வாசல் காவலர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், ஆனேக்கல் பக்கத்துக்காரர். தமிழையும் கன்னடத்தையும் கலந்துதான் பேசுவார்.

"ஏனப்பா, தினமும் நினக்கே கெம்பு வருது? ராசியான கையி."

வரிசையில் நிற்கிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். "பொண்ணு பாக்கப் போறவங்க இவன் கையைக் கூட்டிட்டுப் போங்கடா, செவப்பாத்தான் அமையும்" என்பான் ஒருவன். எல்லோரும் சிரிப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு சுவர் அறைக்குப் போவேன்.

பெயர் கூப்பிடாமல் நகரக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். கெலமங்கலத்துக்காரர் ஒருவர் லேத்தில் இருந்தார். ஒரு நாள் அவருக்குச் சிவப்பு வந்தது. அன்றைக்கு அவர் மனைவி பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் இருந்தாள். ரிஜிஸ்தர் எழுதுகிறவர் டீ குடிக்கப் போனவர் வரவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு கெலமங்கலத்துக்காரர் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார். மறுநாள் காலையில் வருகை அட்டைத் தட்டியில் அவருடைய அட்டை இல்லை, வேலை போயிற்று. அவர் எதையும் எடுத்துப் போனதாக யாரும் சொல்லவில்லை. கூப்பிடாமல் போனார் என்பது மட்டும்தான் குற்றம். வாசலில் நின்று இரண்டு நாள் கெஞ்சினார். பிறகு காணவில்லை. அந்த அறையில் அவருக்கு அடுத்து கையை வைத்து நின்றிருந்தவன் நான்தான். அதற்குப் பிறகு நான் எவ்வளவு நேரமானாலும் நின்றேன். ஏழு வருடம் நின்றேன்.

கிருஷ்ணகிரியில் நானும் அக்காவும் ஒரே வீட்டில் இருந்தோம். அம்மாவும் அத்தாவும் போன பிறகு என்னை வளர்த்தது அவள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றதும் அவளால் அல்ல, என்னால். வாத்தியார் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் வாய் திறக்க மாட்டேன். அக்கா கல்யாணமாகி இரண்டாம் வருடமே கைம்பெண்ணாகித் திரும்பி வந்தாள். குழந்தை இல்லை. மாம்பழக் கூழ் எடுக்கிற ஃபேக்டரியில் பழம் அறுக்கிற வேலை. சீசனில் அவள் விரல்களில் காம்புப் பால் பட்டுத் தோல் உரிந்திருக்கும்.

நான் வீட்டுக்கு வந்து சிவப்புக் கோலி வந்ததைச் சொன்னால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"கை ரெண்டையும் தூக்கிட்டு நிக்கறப்ப அவன் அக்குள்ள தடவுவானாடா?"

"தடவுவான்."

"உனக்குக் கிச்சுகிச்சு ஆகாது? சின்னதுல கிட்ட வந்தாலே சுருண்டுக்குவியே."

"ஆகும்."

"அப்ப சிரிச்சா என்ன பண்ணுவான்?"

"நான் சிரிக்க மாட்டேன்க்கா."

"அது தெரியும் போ. உன் சிரிப்ப நானே ரம்ஜானுக்கு ரம்ஜான்தான் பாக்கறேன்."

அவளுக்கு ஒரே ஒரு மனக்கசப்பு இருந்தது. எங்கள் மாமா மகனுக்கு அவளைப் பேசியிருந்தார்கள். நாள் குறிக்கிற நேரத்தில் அவர் பெங்களூரில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு, அக்கா கறுப்பு என்று சொல்லி விலகிக்கொண்டார். அந்த வார்த்தையை அவர் நேரில் சொல்லவில்லை. சொன்னதாக வந்து சேர்ந்தது. பிறகு அவர் எங்களுக்கு நல்லதுதான் செய்தார். மாங்காய் மண்டியில் அவருக்குச் செல்வாக்கு. அக்காவுக்கு ஃபேக்டரி வேலை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். அக்கா வேலையை எடுத்துக்கொண்டாள். அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வாசலுக்கு வந்தால் முந்தானையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

கம்பெனியில் கதவடைப்பு வந்து, ஐந்தாறு மாதம் வேலை இல்லாமல், நான் வளைகுடா நாட்டுக்குக் கட்டட வேலைக்குப் போவது என்று முடிவானது. புறப்படுகிற அன்று காலையில் அக்கா எனக்கு இட்லி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேப்பேன். மாட்டேன்னு சொல்லக் கூடாது."

"என்னக்கா?"

"நான் போனா குழிக்குள்ள என்னை எறக்கறது நீதான். அந்த ஆளு கை என்மேல படக் கூடாது."

"என்னக்கா பேச்சு இது, இன்னைக்குப் போய்."

"இன்னைக்குத்தான் பேசணும். நாளைக்கு உன்னை எங்க போய்ப் புடிக்கறது?"

எங்கள் வழக்கத்தில் பெண்ணின் உடலைக் குழிக்குள் இறக்க வேண்டியவர்கள் தகப்பன், மகன், உடன்பிறந்தவன். இவர்களில் அவளுக்கு மிஞ்சியிருந்தது நான் ஒருவன். நானும் இல்லையென்றால் அடுத்த உறவு மாமா மகன். சரி என்று தலையாட்டினேன். அவள் இன்னும் இரண்டு இட்லி வைத்தாள்.

பெங்களூரில் இருந்து வடக்கே ஒரு பெரிய ஊருக்குப் போய், அங்கே விமானம் மாற வேண்டும். அதுதான் நான் முதன்முதலாக விமானம் பார்த்தது. பெங்களூரில் திரை போட்ட ஒரு தடுப்புக்குள் கூப்பிட்டுத் தடவிப் பார்த்தார்கள். கைப்பையில் கட்டிய சீட்டில் முத்திரை குத்தினார்கள். இதெல்லாம் எனக்குப் பழகியதுதான். கம்பெனி வாசலைவிட மரியாதையாகவே செய்தார்கள். அதற்குப் பிறகுதான் புதுசாக ஒன்று. விமானத்துக்குப் பக்கத்தில் வெயிலில், எல்லோருடைய பெட்டிகளையும் தரையில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஏறுவதற்கு முன் அவரவர் பெட்டியைத் தொட்டுக் காட்ட வேண்டும். தொட்டுக் காட்டிய பெட்டியைத்தான் உள்ளே ஏற்றுவார்கள்.

எனக்கு முன்னால் நின்றவர் வாணியம்பாடிக்காரர், பல தடவை போய் வந்தவர். "பாய், உங்க பெட்டியத் தொட்டுக் காட்டுங்க. ஆளில்லாத பெட்டிய ஏத்த மாட்டான். குண்டு வச்சுட்டு ஆளு ஏறாம போய்ட்டான்னா? ஒத்தப் பெட்டி நின்னாலும் ப்ளேன் அசையாது, தெரியுமா?" என்றார்.

எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. சிவப்பு வெள்ளை இல்லை. எல்லோரும் ஒன்று. நான் பெட்டியைத் தொட்டேன். கூலிக்காரர் அதைத் தூக்கினார். ஒத்தப் பெட்டி நின்றாலும் விமானம் அசையாது என்ற வார்த்தையை அப்படியே மனசில் வைத்துக்கொண்டேன்.

போய் இறங்கிய நாட்டில் வேறு மாதிரி. அங்கே உடம்பில் யாரும் கை வைக்கவில்லை. பெட்டியைத்தான் குடைந்தார்கள். அக்கா கட்டிக் கொடுத்த மாங்காய் ஊறுகாய்ப் பாட்டிலைத் திறந்து, கத்தியை விட்டுக் கிளறிப் பார்த்தார் ஒரு அதிகாரி. பிறகு கத்தியைத் துடைத்துக்கொண்டு பாஸ்போர்ட்டை வாங்கினார். என் முகத்தையும் படத்தையும் மாறி மாறி வெகுநேரம் பார்த்தார். வெளியே வந்ததும் கம்பெனி ஆள் அந்தப் பாஸ்போர்ட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு மூன்று வருடம் வேலையிடத்தில் என்னை ஒருவரும் சோதனை போடவில்லை. பாஸ்போர்ட் இல்லாதவன் எங்கே போய்விடுவான் என்று அவர்களுக்குத் தெரியும். ஓசூரில் என் பையைப் பார்த்துவிட்டு என்னை விட்டார்கள். வளைகுடாவில் என் பையை விட்டுவிட்டு என்னை வைத்துக்கொண்டார்கள்.

மூன்றாம் வருடம் கோடையில் ஒரு வியாழக்கிழமை காலை, முகாம் ஆபீஸுக்கு எனக்குப் போன் வந்தது. அக்காவுக்கு வயிற்றில் கட்டி இருப்பதாகவும், தர்மபுரிக்குப் போய் வருவதாகவும் கடிதங்கள் வந்திருந்தன. ஆகவே போன் என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. மண்டியில் இருந்து மாமா மகன்தான் பேசினார்.

"மாப்ளே, அக்கா போயிருச்சு. விடியக்காலம், சுபுஹு பாங்குக்கு முன்னால."

ரிசீவரை இந்தக் காதில் இருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

"இருக்கியா மாப்ளே? கேளு. ஃபேக்டரில சொல்லி ஐஸ் கொண்டாந்து வச்சிருக்கோம். நாளைக்கு மத்தியானம் ஜும்மா தொழுது முடியற வரைக்கும் வைக்கலாம்னு பள்ளிவாசல் அசரத்து சொல்லிட்டாரு. அதுக்கு மேல ஆகாது, வெயில் இந்தப் போடு போடுது. பறந்து வா. எறக்க நீதான வேணும்."

"வந்துடறேன் மச்சான்" என்றேன்.

எங்கள் மேஸ்திரி மலையாளி. அவர் ஓடியாடி மாலைக்குள் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் வாங்கித் தந்தார். விடிவதற்குள் விமானம் மாறுகிற ஊர். காலை ஏழு மணிக்கு அங்கிருந்து பெங்களூர். பெங்களூரில் ஒன்பது. பஸ்ஸில் ஏறினால் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குள் கிருஷ்ணகிரி. ஜும்மாவுக்கு முன்னாலேயே போய்விடலாம். அறையில் இருந்தவர்கள் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். போர்த்துவதற்கு வெள்ளைத் துணி, அத்தர், சூடம், ஒரு பாட்டிலில் மக்காவின் ஜம்ஜம் தண்ணீர். எல்லாம் பெட்டிக்குள் வைத்தேன். வேலையிடத்துப் பூட்ஸைத் தவிர என்னிடம் வேறு பூட்ஸ் இல்லை. முன்னால் இரும்புத் தகடு வைத்தது. அதையே போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அந்த நாட்டு விமான நிலையத்தில் கதவு மாதிரி ஒரு சட்டத்துக்குள் நுழைந்ததும் அது கத்தியது. அங்கிருந்த காவலர் என் காலைப் பார்த்தார். கையில் இருந்த கோலால் பூட்ஸ் முனையை இரண்டு தட்டு தட்டினார். டங் டங் என்றது. சிரித்துவிட்டுப் போகச் சொன்னார். என்னைப் போல ஆயிரம் பேரை அவர் தினமும் பார்க்கிறார்.

விமானம் மாறுகிற ஊரில் இறங்கியதும் சுங்கம், பிறகு பஸ்ஸில் இன்னொரு கட்டடம், அங்கே பெட்டியைக் கொடுத்துச் சீட்டு வாங்குவது, எல்லாம் சரியாக நடந்தது. ஆறு மணிக்கெல்லாம் சோதனை வரிசையில் நின்றுவிட்டேன். அங்கேயும் அதே போல ஒரு கதவு. அதே போலக் கத்தியது. காவலர் இளவயதுக்காரர். ஒரு மட்டையை உடம்பெல்லாம் ஓட்டினார். பூட்ஸுக்குப் பக்கத்தில் அது மறுபடி கத்தியது. கழற்றச் சொல்லிச் சைகை காட்டினார். பூட்ஸையும் என் விமானச் சீட்டையும் ஒரு தட்டில் வைத்து மெஷினுக்குள் அனுப்பினார். பிறகு ஓரமாக இருந்த சுவரைக் காட்டி, "வெயிட்" என்றார்.

நான் போய்ச் சுவரைப் பார்த்து நின்று, இரண்டு கைகளையும் சுவரில் பதித்தேன்.

பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தக் காவலர் வந்து என் கைகளைக் கீழே இறக்கிவிட்டு, தோளைப் பிடித்துத் திருப்பி நிற்க வைத்தார். முகத்தில் கோபம் இல்லை. மறுபடியும் "வெயிட்" என்றார். அதற்குள் ஒரு பெரிய கூட்டம் வந்து சேர்ந்தது. அவர் அங்கே போனார்.

பூட்ஸ் வெளியே வந்ததை நான் பார்த்தேன். மெஷினின் அந்தப் பக்கத்தில், தட்டில், என் பூட்ஸும் சீட்டும் இருந்தன. பத்தடி தூரம். மற்றவர்கள் அவரவர் பையை எடுத்துக்கொண்டு போனார்கள். யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஆனால் அவர்களை யாரும் நிற்கச் சொல்லவில்லை. என்னைச் சொல்லியிருந்தார்கள். நான் அந்தக் காவலரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் பார்த்தால் பூட்ஸைக் காட்டலாம் என்று நினைத்தேன். அவர் பார்க்கவில்லை. ஆறரைக்கு அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேறு ஒருவர் வந்து உட்கார்ந்தார்.

புதிதாக வந்தவர் என்னைப் பார்த்தார். வெறுங்காலோடு சுவர் ஓரம் நிற்கிறவனை அங்கே கூட்டிப் பெருக்குகிறவன் என்று எண்ணியிருக்க வேண்டும். சிதறிக் கிடந்த காலித் தட்டுகளைக் காட்டினார். நான் போய் எல்லாவற்றையும் எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தேன். என் பூட்ஸ் இருந்த தட்டை மட்டும் தொடவில்லை. அடுக்கி முடித்துவிட்டு என் இடத்துக்குத் திரும்பி வந்து நின்றேன்.

ஒலிபெருக்கியில் பெங்களூர் என்ற பெயர் கேட்டது. ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. எனக்கு அது நன்றாகவே புரிந்தது. ஆனால் ஒன்றை நம்பிக்கொண்டிருந்தேன். என் பெட்டி விமானத்துக்குப் பக்கத்தில் தரையில் நிற்கும். நான் போய்த் தொடவில்லை. ஒத்தப் பெட்டி நின்றாலும் விமானம் அசையாது. பெட்டி யாருடையது என்று தேடி ஆள் வரும். வந்து கூப்பிடுவார்கள். கூப்பிட்டதும் போகலாம். இப்படி நினைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே ஒரு விமானம் மெல்லத் திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது என்னுடையது என்று எனக்குத் தெரியாது.

ஆள் வந்தார்கள். ஏழே கால் இருக்கும். நாலைந்து பேர் ஓடி வந்தார்கள், ஒருவர் கையில் கம்பியில்லாப் போன். தட்டில் இருந்த சீட்டை எடுத்து எண்ணைப் பார்த்தார்கள். பூட்ஸைப் பார்த்தார்கள். வெறுங்காலோடு நிற்கிற என்னைப் பார்த்தார்கள்.

விமானம் போய்விட்டது. பெட்டி நின்றால் பெட்டியை விட்டுவிட்டு விமானம் போகும், அதுதான் அங்கே முறை. என் பெட்டி தனியாகத் தரையில் நின்றது. சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். ஒரு நாய் அதை மோந்துகொண்டிருந்தது. பெட்டியைக் கொடுத்துவிட்டு விமானத்தில் ஏறாமல் போகிறவன் யார் என்று அவர்களுக்கு ஒரு பட்டியல் இருக்கும் போலிருக்கிறது. என் பெயரும், நான் வந்த நாடும், இரும்பு வைத்த பூட்ஸும் அந்தப் பட்டியலில் சரியாகப் பொருந்தின.

ஒரு அறையில் வைத்து இந்தியில் கேட்டார்கள். எனக்கு வந்த இந்தி வேலையிடத்து இந்தி. சிமெண்டு, மணல், தூக்கு, இறக்கு. பிறகு ஒரு தமிழ் போலீஸ்காரரைத் தேடிப் பிடித்து வந்தார்கள். சேலத்துக்காரர். பருத்த உடம்பு, மூச்சு வாங்கியது.

"எந்த ஊரு?"

"கிருஷ்ணகிரிங்க."

"அட, பக்கத்து ஊருக்காரன். ஏன்யா ப்ளேன்ல ஏறல?"

"நிக்கச் சொன்னாங்க."

"சரி, நிக்கச் சொன்னாங்க. அப்புறம்?"

"நின்னேங்க."

"எவ்ளோ நேரம்?"

"இவங்க வர்ற வரைக்கும்."

அவர் இந்தியில் அதைச் சொன்னார். அதிகாரி மேஜையைத் தட்டினார். போலீஸ்காரர் என் பக்கம் குனிந்தார். "யோவ், அவரு நம்பல. பூட்ஸு அங்க இருக்கு, சீட்டு அங்க இருக்கு, கேட்டு அங்க இருக்கு. எடுத்துக்கிட்டுப் போறதுக்கு என்னய்யா? போன்னு எழுதிக் குடுக்கணுமா உனக்கு?"

"பேரு கூப்பிடுவாங்கன்னு நெனச்சேங்க."

"உன் பேரக் கூப்பிட இது என்ன ரேஷன் கடையா?"

பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். வெள்ளைத் துணியைப் பிரித்து உதறினார்கள். சூடத்தை உடைத்து மோந்தார்கள். ஜம்ஜம் பாட்டிலை அதிகாரி தூக்கிப் பார்த்து என்னவோ சொன்னார்.

"குடிச்சுக் காட்டச் சொல்றாரு" என்றார் போலீஸ்காரர்.

"அது அக்காவுக்குங்க."

"யாருக்கா இருந்தா என்ன, குடி."

அவள் மேல் தெளிப்பதற்காக வைத்திருந்த தண்ணீரை நான் குடித்தேன். ஒரு வாய் போதும் என்று அவர்கள் சொல்லவில்லை. நான் பாதி பாட்டில் குடித்துவிட்டேன். அப்போதுதான் போலீஸ்காரர் துணியையும் சூடத்தையும் அத்தரையும் சேர்த்துப் பார்த்தார்.

"அக்காவுக்கு என்ன?" என்றார்.

சொன்னேன். அவர் துணியை மடித்துப் பெட்டியில் வைத்தார். பிறகு அதிகாரியிடம் நிறையப் பேசினார். அப்படியும் விட்டுவிடவில்லை. எழுதினார்கள், வேறு எங்கோ போன் போட்டார்கள், பாஸ்போர்ட்டை எடுத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்தார்கள். பதினொரு மணிக்கு என்னை விட்டார்கள்.

அந்தச் சேலத்துக்காரர் நல்ல மனிதர். அவரே ஆபீஸுக்குப் போய்ச் சண்டை போட்டு, பன்னிரண்டு மணி விமானத்தில் இடம் வாங்கித் தந்தார். என் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு எஸ்.டி.டி. பூத்துக்குக் கூட்டிப் போனார்.

"ரெண்டுக்குள்ள பெங்களூர். அஞ்சு மணிக்கு ஊருல இருப்ப. ஊருக்குப் போன் போட்டு சாயங்காலம் வரைக்கும் வச்சிருக்கச் சொல்லு. நேரத்தச் சொல்லிச் சொல்லு, வைப்பாங்க."

மண்டிக்குப் போட்டேன். இரண்டாவது மணியிலேயே மாமா மகன் எடுத்தார். போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"எங்க மாப்ளே இருக்க? பெங்களூரா?"

"இல்ல மச்சான். இங்கதான் இன்னும்."

"இன்னுமா? ஏன், என்னாச்சு?"

என்ன ஆயிற்று என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு சுவர் ஓரம் ஒரு மணி நேரம் வெறுங்காலோடு நின்றேன், யாரும் பிடித்து வைக்கவில்லை, என் பூட்ஸ் பத்தடியில் இருந்தது என்று சொல்ல வேண்டும். அக்காவை இறக்க வேண்டியவன், கூப்பிடவில்லை என்று நின்றேன் என்று சொல்ல வேண்டும். அதுவும் அவரிடம்.

"ப்ளேன் லேட்டு மச்சான்" என்றேன்.

"அடப் பாவிங்களா. எவ்ளோ லேட்டு? நேரஞ் சொல்லு மாப்ளே, அசரத்து இங்கதான் இருக்காரு. சாயங்காலம் அசர் தொழுகை வரைக்கும் வைக்கலாமான்னு கேக்கறேன்."

பன்னிரண்டு மணி என்று சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தை. பொய்யைச் சொல்லிவிட்டேன், அதற்கு ஒரு நேரம் சொல்ல நாக்கு வரவில்லை. நேரம் சொன்னால் அடுத்தது கேட்பார், அதற்கு அடுத்தது கேட்பார், கடைசியில் சுவருக்கு வந்து நிற்கும் என்று பயந்தேன்.

"தெரியல மச்சான். ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறானுங்க."

"சரி மாப்ளே, நீ பதறாத. நான் பாத்துக்கறேன்" என்றார்.

போனை வைத்தேன். மறுபடி போடலாம். போன் கையெட்டும் தூரத்தில் இருந்தது. வெளியே பெட்டியோடு நின்ற போலீஸ்காரர், "சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

சொல்லிவிட்டேன் என்று தலையாட்டினேன்.

பெங்களூரில் இறங்கி வெளியே வரும்போது என்னை ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. போகிறவனைத்தான் சந்தேகப்படுகிறார்கள். கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறினேன். எல்லைச் சோதனைச் சாவடியில் ஒரு போலீஸ்காரர் பஸ்ஸுக்குள் ஏறி, சாராயப் பாக்கெட் இருக்கிறதா என்று சீட்டுக்கடியில் தடியால் துழாவினார். இரண்டு நிமிடம். இறங்கிப் போனார். ஓசூர் போனது. சூளகிரி போனது. ஜும்மா எப்போதோ முடிந்திருக்கும் என்று தெரியும். ஆனாலும் ஒரு வேளை வைத்திருப்பார்களோ என்று பஸ் ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் நினைத்தேன்.

நான் இறங்கும்போது பள்ளிவாசலில் அசர் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டு வாசலில் தண்ணீர் ஓடிக் காய்ந்த தடம் இருந்தது. ஐஸைப் பொதிந்து கொண்டுவந்த உமி திட்டுத்திட்டாகக் கிடந்தது. பெண்கள் உள்ளே ஓதிக்கொண்டிருந்தார்கள். மாமா மகன் பெஞ்சில் இருந்து எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். கைலியின் ஓரத்தில் செம்மண் ஒட்டியிருந்தது.

"பறந்து வான்னனே மாப்ளே. அந்தப் பாவிங்க விடலையே. ப்ளேனு வச்சிருக்கானுங்களாம் ப்ளேனு. நம்ம தர்மபுரி பஸ்ஸுகூட நேரத்துக்கு வருது."

நான் நின்றேன்.

"ரெண்டரை வரைக்கும் பாத்தோம். அசரத்து கேட்டாரு, பையன் எப்ப வருவான்னு தெரியுமான்னு. தெரியாதுன்னேன். தெரிஞ்சா அசர் வரைக்கும் வைக்கலாம், தெரியாம மையத்த வச்சிக்கிட்டு உக்காரக் கூடாதுன்னுட்டாரு. என்னால ஒண்ணும் பேச முடியல."

"யாரு எறக்குனது?" என்றேன்.

அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தான் மாப்ளே. வேற யாரு இருக்கா? ஊரான் எறக்கறதுக்கு நான் தேவலன்னாங்க. போர்வையத் திரையாப் புடிக்கச் சொல்லி, மொகத்தப் பாக்காமத்தான் எறக்குனேன். அக்காவுக்கு என்மேல கோவம்னு எனக்குத் தெரியாதா என்ன? இருபது வருஷம் பேசல. மன்னிச்சிரும்மான்னு வாய்விட்டுச் சொல்லிட்டுத்தான் கையக் குடுத்தேன். சரிதான மாப்ளே? நான் செஞ்சது சரிதான?"

சரி என்றேன். அவர் அழுதார். அதற்கு முன்பும் பின்பும் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

பிறகு நான் வெளிநாடு போகவில்லை. இப்போது அவரோடு மண்டியில்தான் இருக்கிறேன். அவர் இந்தக் கதையை எல்லோரிடமும் சொல்வார். சீசனில் லோடு எடுக்க வருகிற ஆந்திரா வியாபாரிகளிடம் தெலுங்கில்கூடச் சொல்வார். கூடப்பிறந்தவளின் முகத்தைக்கூடப் பார்க்க விடாமல் செய்துவிட்டார்கள் என்று விமானக்காரர்களைத் திட்டுவார். கேட்கிறவர்கள் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள். போன வாரம் ஒரு லாரி டிரைவர், "அப்படி எவ்ளோ நேரம் பாய் லேட்டு?" என்று என்னிடம் கேட்டார்.

"அது அவனுக்கே சொல்லலியாம்" என்று மச்சான் எனக்காகப் பதில் சொன்னார்.

நான் அடுத்த கூடையை எடுத்துக் காய் பிரிக்க ஆரம்பித்தேன்.